தமிழ் கொயரை வைத்து ஹேண்டலின் ‘மெசையா’ பாடுவது எப்படி: சிங்கப்பூருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சபைக் கொயரிலோ சமூக மன்றப் பாடகர் குழுவிலோ முப்பது, நாற்பது பேர் இருக்கிறீர்கள். ‘இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மெசையா பாடலாமே’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்குத்தான்.

நான் இரண்டு முறை இந்த வேலையைத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்திருக்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேல்நாட்டு இசைக்குறி) தெரியாது. ஆனால் காது அபாரம். இரண்டு தடவை கேட்டால் மெட்டு வந்துவிடும். தடுமாறுவதும் அதனால்தான். மெட்டு வந்துவிட்டது என்ற தைரியத்தில் எண்ணுவதை விட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லும் வரிசை அந்த ஒரு குறையை மனதில் வைத்து அமைத்தது. வரிசையை மாற்றிச் செய்து பார்த்து, கஷ்டப்பட்டு, திரும்ப இதற்கே வந்தேன்.

1. முழுப் படைப்பையும் எடுக்காதீர்கள்

மெசையா, வேதாகம வசனங்களுக்கு ஹேண்டல் இசையமைத்த ஆங்கிலப் படைப்பு. மூன்று பாகம். முழுவதும் பாடினால் இரண்டே கால் மணி நேரத்துக்குக் குறையாது. கோரஸ் (முழுக் குழுவும் பாடும் பகுதி) மட்டும் இருபது வரும். வாரம் ஒரு முறை கூடும் குழுவுக்கு முதல் வருஷம் அது சாத்தியமில்லை.

முதல் பாகத்தையும் அத்துடன் ‘ஹல்லேலூயா’வையும் எடுங்கள். கோரஸ் ஏழுதான்: ‘அண்ட் த குளோரி ஆஃப் த லார்ட்’, ‘அண்ட் ஹி ஷல் ப்யூரிஃபை’, ‘ஓ தௌ தட் டெல்லஸ்ட்’, ‘ஃபார் அன்டு அஸ்’, ‘குளோரி டு காட்’, ‘ஹிஸ் யோக் இஸ் ஈஸி’, ஹல்லேலூயா. தனிப்பாடல்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே குழுவிடம் சொல்லிவிடுங்கள். ஹல்லேலூயா கிறிஸ்துமஸ் பகுதியின் முடிவில் வருவதில்லை, இரண்டாம் பாகத்தின் கடைசியில் வருவது. நாம் அதை இடம் மாற்றிப் பாடுகிறோம். நிகழ்ச்சித் தாளிலும் அப்படியே எழுதுங்கள்.

2. நிகழ்ச்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

டிசம்பர் முதல் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் பள்ளி விடுமுறைக்குப் பாதிக் குழு ஊருக்குப் போய்விடும். ஜூலை முதல் வாரத்தில் ஆரம்பித்தால் 22 வாரம் கிடைக்கும்.

ஆனால் 22-ம் உங்களுக்குக் கிடைக்காது. செப்டம்பர் கடைசியில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுத்துத் தேர்வுகள் தொடங்கும். அந்த வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து அம்மாவோ அப்பாவோ வர மாட்டார்கள். அப்புறம் ஓ லெவல். நடுவில் தீபாவளி. எங்கள் ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்) வரிசையில் கர்நாடக சங்கீதம் கற்ற இந்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள், அவர்களுக்கு அந்த வாரம் விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும். 18 ஒத்திகை என்று கணக்குப் போடுங்கள்.

ஆண்களிடம் முதல் நாளே ரிசர்விஸ்ட் (தேசிய சேவைப் பயிற்சி) தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். டெனரில் (உயர்ந்த ஆண் குரல்) ஐந்து பேர் இருக்கும்போது இரண்டு பேர் ஒரே வாரம் கேம்ப்புக்குப் போனால், அன்று டெனர் வரியைக் கற்றுக்கொடுப்பது வீண். மருத்துவமனையில் ஷிப்ட் பார்ப்பவர்களிடமும் இதேபோல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்திகை நேரமும் முக்கியம். ஞாயிறு ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, இரண்டு மணிக்குப் பாட உட்கார்ந்தால் மூச்சு இறங்காது. நாங்கள் சனிக்கிழமை நான்கு மணிக்கு மாற்றினோம். தேநீரும் கோரிங் பீசாங்கும் முடிந்த பிறகுதான். அந்த ஒரு மாற்றத்திலேயே குரல் தெளிந்தது.

3. எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு

ஹேண்டலின் இசைக்குப் பதிப்புரிமை கிடையாது. ஸ்கோர் (இசைத் தாள்) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இங்கேதான் முதல் குழப்பம். ஆளாளுக்கு ஒன்றை இறக்கிக்கொண்டு வருவார்கள். நொவெல்லோ பதிப்பில் ஹல்லேலூயா 44-ம் எண். பேரன்ரைட்டர் பதிப்பில் அதுவே 39. ‘நாற்பத்தி நாலை எடுங்கள்’ என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் புரட்டுவார்கள். பக்க எண், அளவு (பார், அதாவது ஒரு தாளச் சுற்று) எண், சில இடங்களில் தாளமும்கூட மாறும்.

ஒரு பதிப்பை முடிவு செய்து, எல்லோருக்கும் அதையே வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். வாத்தியக்காரர்களின் தாள்களும் அதே பதிப்பாக இருக்கட்டும். மொசார்ட் 1789-இல் இதே படைப்பைக் கிளாரினெட், ஹார்ன் எல்லாம் சேர்த்து மாற்றி அமைத்திருக்கிறார். தெரியாமல் அந்தத் தாளை இறக்கிவிட்டால் ஒத்திகையில் பாதி நேரம் ‘எங்கே தப்பு’ என்று தேடுவதிலேயே போகும்.

ஆளுக்கு ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஹைலைட்டரும் வேண்டாம். குறிகள் கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும்.

4. குரல் பிரிப்பது

‘நான் பாஸ்’ (தாழ்ந்த ஆண் குரல்) என்று நம் ஆண்களில் பெரும்பாலோர் தாங்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள், பேசும் குரல் தாழ்வாக இருப்பதால். நம்பாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஸரிகமப, பமகரிஸ பாடவைத்து, அரை சுரமாக மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். குரல் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். எங்கள் பாஸ் வரிசையிலிருந்து இப்படி மூன்று டெனர் கிடைத்தார்கள்.

பெண்களில் ஆல்டோவைத் தேர்ந்தெடுக்கத் தாழ்ந்த குரல் மட்டும் போதாது. பக்கத்தில் ஒருவர் சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) மெட்டைப் பாடும்போது தன் வரியை விடாமல் பிடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். காது கூர்மையானவர்கள்தான் மெட்டுக்குத் தாவிவிடுவார்கள்.

இசைத் தாள் வாசிக்கத் தெரிந்தவர்களை ஒரே வரிசையில் குவிக்காதீர்கள். ஒவ்வொரு குரலிலும் ஒருவராவது வேண்டும், அவர் இரண்டாம் வரிசையில் நிற்கட்டும். பின்னாலிருந்து வரும் குரல்தான் முன்னால் நிற்பவர் காதில் விழும். ஊரில் சபைக் கொயரில் டானிக் சோல்ஃபா (சுரங்களை டோ, ரே, மி எழுத்துகளில் எழுதும் முறை) படித்த பெரியவர்கள் இருந்தால் விடாதீர்கள். அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தாளைக் கொடுத்தால் தங்கள் வரியை சோல்ஃபாவில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

5. முதல் ஒத்திகையில் பாட வேண்டாம்

புதியவர்கள் எதிர்ப்பு தெரிவிக்கிற படி இதுதான். நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்காத படியும் இதுதான்.

‘அண்ட் த குளோரி’ மூன்று அடித் தாளம். முன்னால் பத்து அளவு வாத்தியம் மட்டும். பதினோராவது அளவில் ஆல்டோ தனியாகத் தொடங்கும். முதல் நாள் கீபோர்டில் அதை வாசிக்கவிட்டு, எல்லோரும் கையில் தாளம் போடட்டும். தங்கள் குரல் நுழைகிற இடத்தில் ஒரு கைதட்டு, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் அன்று நடந்தது: ஆல்டோ எட்டுப் பேர். ஒருவர் எட்டாவது அளவிலேயே தட்டினார். மூன்று பேர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தட்டினார்கள். சரியான இடத்தில் தட்டியது இரண்டே பேர். மீதி இருவர் தட்டவே இல்லை. பாடச் சொல்லியிருந்தால் மற்ற ஆறு பேரும் அந்த இருவரின் குரலில் ஒளிந்துகொண்டிருப்பார்கள், எனக்குத் தெரிந்தே இருக்காது.

கைதட்டு சரியான பிறகு, தாளத்துடன் வார்த்தைகளைப் பேசவையுங்கள். சுரம் வேண்டாம். அதுவும் நின்ற பிறகுதான் மெட்டு. மெட்டை முதலில் கொடுத்துவிட்டால், காது அதைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு அடிகளைச் சுருக்கிவிடும். அப்புறம் அதைத் திருத்த இரு மடங்கு நேரம் பிடிக்கும்.

ஒவ்வொரு ஓய்வுக்கும் மேலே பென்சிலால் இரண்டு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை அடி, நுழையும் முன் யாருடைய எந்த வார்த்தை காதில் விழும். இரண்டாவதுதான் மேடையில் காப்பாற்றும். பதற்றத்தில் எண்ணிக்கை தப்பினாலும் ‘டெனர் ரிவீல்ட் சொன்னதும் நான்’ என்பது நினைவிருக்கும்.

இந்தக் கோரஸில் இன்னொரு பொறி உண்டு. வாக்கியம் முடியும் இடங்களில் இரண்டு மூன்றடி அளவுகள் சேர்ந்து மூன்று இரண்டடிகளாக ஒலிக்கும். மேல்நாட்டு இசையில் ஹெமியோலா என்பார்கள். நமக்கு அதை விளக்கவே வேண்டாம்: ‘தகிட தகிட’ என்று போய்க்கொண்டிருப்பது ‘தக தக தக’ ஆகிறது. கையால் தட்டிச் சொல்லவைத்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். மேல்நாட்டு இசை மட்டுமே படித்த ஒரு நண்பர் எங்கள் குழு அதைப் பிடித்த வேகத்தைப் பார்த்து அசந்துபோனார்.

6. எதை முதலில், எதைக் கடைசியில்

மேடை வரிசையில் கற்காதீர்கள். என் வரிசை இது.

‘அண்ட் த குளோரி’ முதலில். நான்கே நான்கு சொற்றொடர்களை நான்கு குரலும் மாறி மாறிப் பாடுவதால், ஒன்றைக் கற்றால் நான்கு மடங்கு பலன். அடுத்து ‘குளோரி டு காட்’. சின்னது, மேல் குரல்கள் பளிச்சென்று பாட, ஆண் குரல்கள் ‘பீஸ் ஆன் எர்த்’ என்று கீழே இறங்கும். குழுவுக்குச் சீக்கிரம் ஒரு வெற்றி கிடைக்கும். இரண்டாம் மாதத்தில் அது தேவை.

நான்காவது வாரத்திலிருந்தே, மற்றதோடு சேர்த்து, மூன்று கடினமான கோரஸையும் பத்துப் பத்து நிமிடமாக மெதுவாகத் தொடங்குங்கள்: ப்யூரிஃபை, ஃபார் அன்டு அஸ், ஹிஸ் யோக். இந்த ஓட்டங்கள் குரலில் படிய மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அக்டோபரில் தொடங்கினால் நிச்சயம் வராது.

ஹல்லேலூயாவைப் பத்தாவது வாரம் வரை தொடாதீர்கள். எல்லோரும் ‘அது தெரியுமே’ என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது சோப்ரானோ மெட்டு. ஆரம்பத்திலேயே கொடுத்தால் ஒவ்வொரு வாரமும் அதையே கேட்டு, தொண்டை கட்டக் கத்தி, வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

7. ஓட்டங்கள்: சரளி வரிசை போலப் பழகுங்கள்

‘ஃபார் அன்டு அஸ்’ஸில் ‘பார்ன்’ என்ற ஒரே சொல்லில் அளவு அளவாக ஓடும் சுரங்கள்தான் புதியவர்களைப் பயமுறுத்துவது. ‘ஹிஸ் யோக்’கில் ‘ஈஸி’ என்ற சொல்லும் அப்படியே. இவற்றை ஹேண்டல், தான் முன்பு இரண்டு குரலுக்கு எழுதிய இத்தாலியப் பாடல்களிலிருந்து எடுத்து விரித்தார். இதை நான் சொல்வதற்குக் காரணம், அந்த மெல்லிய எடைதான் இங்கேயும் வேண்டும் என்பது. முப்பத்தைந்து பேரும் முழுக் குரலில் தள்ளினால் ஓட்டம் சேற்றில் சிக்கிய வண்டி மாதிரி நின்றுவிடும்.

முறை இதுதான். முதலில் அடிக்கு ஒரு சுரமாக, மிக மெதுவாக. பிறகு அதே தாளத்தில் இரண்டு. பிறகு நான்கு. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று குழந்தையில் சரளி வரிசை பழகினோமே, அதேதான். வார்த்தைக்குப் பதில் ‘தகதிமி’ என்று பாடி, ‘த’ மட்டும் லேசாக அழுத்துங்கள். ‘த’ எல்லாம் நேராக விழுந்துவிட்டால் நடுவில் உள்ள மூன்றும் தானாக ஒழுங்குக்கு வரும். மெட்ரோனோமில் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 44 அடியில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு எண் மட்டும் ஏற்றுங்கள். 72 வந்தால் போதும். ஒலிப்பதிவுகளின் வேகத்தைத் துரத்த வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களிடம் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது: கமகம். நீண்ட சுரம் வந்தால் அவர்கள் குரல் தன்னால் அசையும். தனியாகக் கேட்டால் அழகு, நான்கு குரல் சேரும்போது ஸ்வரக்கூட்டு கலங்கிவிடும். ‘அசைக்காதே’ என்று சொன்னால் குரல் விறைத்துவிடுகிறது. ‘ஹார்மோனியக் கட்டையை அழுத்திப் பிடித்த மாதிரி’ என்று சொல்லுங்கள். அல்லது தம்புரா சுருதி போட்டு, அதனோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். உடனே புரிந்துவிடும். சுருதி சுத்தத்தில் அவர்களுக்கு இணை கிடையாது. பிறகு முழு ஆல்டோ வரிசையும் அவர்களைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

வாட்ஸ்அப்பில் குரல்வாரியாகப் பயிற்சி ஒலிப்பதிவு அனுப்பும்போது நீங்களே கீபோர்டில் வாசித்து அனுப்புங்கள். பழங்கால வாத்தியங்களுடன் பதிவான பல இசைத்தட்டுகளில் ஏ என்ற சுரத்தின் சுருதி 415 ஹெர்ட்ஸ். நாம் பாடுவது 440. அரை சுர வித்தியாசம். அதோடு வீட்டில் பழகியவர்கள் ஒத்திகைக்கு வந்து ‘இன்றைக்கு ஏன் மேலே போகுது?’ என்று கேட்பார்கள்.

8. உச்சரிப்பு

முதலில் வசனத்தைத் தமிழ் வேதாகமத்தில் சத்தமாக வாசியுங்கள். ஏசாயா 40:5, 9:6, மல்கியா 3:3, லூக்கா 2:14, மத்தேயு 11:30. பொருள் தெரியாமல் பாடினால் எல்லாக் கோரஸும் ஒரே உரப்பில் வரும். ‘நுகம் மெதுவாய், சுமை இலகுவாய்’ என்று தமிழில் வாசித்த நாளில்தான் எங்கள் ‘ஹிஸ் யோக்’ லேசானது.

அப்புறம் நம் நாக்கு செய்யும் மூன்று வேலைகள். ஒன்று, மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பது. ‘லார்டு’ என்று முப்பத்தைந்து பேர் பாடினால் அங்கே இல்லாத ஓர் அசை கேட்கும். கடைசி ‘ட்’ எந்த அடியில் விழ வேண்டும் என்று பென்சிலால் எழுதி, எல்லோரும் ஒரே சமயம் வையுங்கள். இரண்டு, ‘பார்ன்’ என்பதைப் ‘பாட்டு’ என்பதன் பகரத்தில் தொடங்குவது. உதட்டை மூடி ‘ம்’ என்று ஒரு நொடி முனகிவிட்டு ‘ம்பா’ என்று திறந்தால் சரியான ஒலி வரும். மூன்று, ‘ஈஸி’யில் வரும் ஸகரம், தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும். ‘லார்ட்’, ‘பார்ன்’ இரண்டிலும் ரகரத்தை உருட்ட வேண்டாம், உயிரை நீட்டினால் போதும்.

9. தனிப்பாடகர்களும் வாத்தியங்களும்

சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு தனிப்பாடகர்கள் வேண்டும். குழுவில் மூத்தவர் என்பதற்காக யாருக்கும் கொடுக்காதீர்கள். பயிற்சி பெற்ற இளம் பாடகர்களை ஜூலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் எல்லோருக்கும் நிகழ்ச்சி இருக்கும்.

பணம் குறைவென்றால் எதை விடலாம்? ஓபோவும் பசூனும் பெரும்பாலும் மற்ற வரிகளையே இரட்டிப்பதால் அவற்றை விடலாம். வயலின், வயோலா, செலோ, டபுள் பேஸ், கீபோர்டு ஆகியவை அவசியம். ட்ரம்பெட் இரண்டு வேண்டும். நம் தேர்வில் அவர்கள் வாசிப்பது ‘குளோரி டு காட்’டிலும் ஹல்லேலூயாவிலும் மட்டும், டிம்பனி ஹல்லேலூயாவில் மட்டும். ஆகவே அவர்களை ஒரே ஓர் ஒத்திகைக்கு அழைத்தால் செலவு குறையும். ஹார்ப்சிகார்ட் கிடைக்காவிட்டால் அந்த ஒலியுள்ள நல்ல டிஜிட்டல் கீபோர்டு போதும். கிடைத்தால், நம் ஊர் ஈரப்பதத்தில் சுருதி ஓடிவிடும் என்பதால் ஏர்கானைப் பல மணி நேரம் முன்பே போட்டுவிட்டு, அதன் பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

10. இடமும் அனுமதியும்

விக்டோரியா இசையரங்கில் 673 இருக்கை. எஸ்பிளனேட் இசையரங்கில் சுமார் 1,600. நம் உறவுகளையும் நண்பர்களையும் கூட்டினாலும் முந்நூறு பேர். தேவாலயமே பொருத்தம், செலவும் குறைவு, ஒலியும் தானாக நீளும். தமிழ் ஆராதனை நடக்கும் ஷார்ட் ஸ்திரீட் மெத்தடிஸ்ட் தேவாலயம், டார்செட் ரோடு கிறைஸ்ட் சர்ச், ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில் விசாரித்துப் பாருங்கள்.

பொது நிகழ்ச்சிக்கு ஐஎம்டிஏவின் (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) கலைக் கேளிக்கை உரிமம் தேவைப்படுமா என்பதை இடம் முடிவானதுமே கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்கத் தொடங்கிய பிறகு கேட்பது தாமதம்.

11. கடைசி இரண்டு வாரம்

புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்காதீர்கள். மேடையிலேயே ஒத்திகை வையுங்கள், எழுந்து உட்காருவதையும் சேர்த்து. ‘ஓ தௌ தட் டெல்லஸ்ட்’டில் ஆல்டோ தனிப்பாடலின் வால் பகுதியில்தான் கோரஸ் நுழையும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் எழ வேண்டும். எந்த அளவில் எழுவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சேலைதான் சீருடை என்றால் சேலையோடும் ஒரு முறை படிமேடையில் ஏறிப் பாருங்கள். எங்கள் சோப்ரானோ ஒருவருக்கு இரண்டாம் படியில் கொசுவம் மாட்டிக்கொண்டது. ஒத்திகையாக இருந்ததால் தப்பித்தோம்.

வாத்தியங்களோடு முதல் முறை பாடும்போது குழு தடுமாறும். கீபோர்டில் கேட்ட மெட்டு இப்போது வயலினுக்குள் ஒளிந்திருக்கும். அன்று திட்டாதீர்கள், பென்சில் குறிகளைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். முதல் ஒத்திகையில் போட்ட தாளம் பலன் கொடுப்பது அன்றைக்குத்தான்.

12. மேடை நாள்

குரலைத் தயார்செய்யப் பதினைந்து நிமிடம் போதும். முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு கோரஸின் தொடக்கம், முடிவு மட்டும்.

ஹல்லேலூயாவுக்குச் சபை எழுந்து நிற்பது வழக்கம். அந்த நாற்காலிச் சத்தத்தில் மூன்றளவு முன்னிசை காதில் விழாமல் போகலாம். கொயர் மாஸ்டரின் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே கோரஸின் முடிவில், கடைசி ஹல்லேலூயாவுக்கு முன் ஓர் அமைதி இருக்கிறது. முழுக் குழுவும், முழு வாத்தியமும் நின்றுவிடும். எங்கள் முதல் நிகழ்ச்சியில் பாஸ் வரிசை அண்ணன் ஒருவர், ஐந்து மாதம் ஒரு ஒத்திகையும் தவறாமல் வந்தவர், அந்த அமைதியில் தனியாக ‘ஹ’ என்று தொடங்கிவிட்டார். அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது: அந்த இடத்தை வாயால்தான் சொன்னேன், எண்ணவைக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த அமைதியை மட்டும் ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் தனியாகப் பழகினோம். நான்கு ஹல்லேலூயா, வாயைத் திறந்து மூச்சு, கை இறங்கும் வரை காத்திருப்பு. நிகழ்ச்சியன்று அந்த இடத்தில் மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அந்த அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கை இறங்கியது, முப்பத்தைந்து பேரும் ஒன்றாக நுழைந்தார்கள்.